ஓரம் பிரியாத வலை

எல்லாரும் சௌக்கியமா? வீட்டில் மூட்டுவலிக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள், ராத்திரி இருமுகிறவர்கள் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள்? உங்களில் வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் அவர்களைத் தனியாக ஒரு கேள்வி கேட்கிறேன். உள்ளே போட்ட தையல் என்ன ஆயிற்று என்று என்றைக்காவது யோசித்தீர்களா? வெளியில் போட்டதை நர்ஸ் வந்து பிரித்துவிட்டுப் போவார். உள்ளே போட்டதை யார் பிரிப்பது? யாரும் பிரிப்பதில்லை. அது தானாகக் கரைந்து போகிறது. அந்த நூலையும், அந்த நூலில் பின்னுகிற வலையையும் செய்கிற இடத்தில்தான் நான் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டினேன்.

வலை என்றால் மீன் பிடிக்கிற வலை என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளங்கை அகலம், ஊதா நிறம், ஊதினால் பறக்கிற எடை. வயிற்றுச் சுவர் பலம் இல்லாமல் பிதுங்கினாலோ, அடிபட்டு உள்ளே ஏதாவது கிழிந்தாலோ டாக்டர்கள் அந்த இடத்தில் இதை வைத்துத் தைப்பார்கள். அவர்கள் மெஷ் என்பார்கள், நாங்கள் வலை என்போம். உடம்பு தன் சதையை வளர்த்துக்கொள்கிறவரை வலை தாங்கிக்கொள்ளும். பிறகு சத்தமில்லாமல் கரைந்துவிடும். சீக்கிரம் கரைந்தால் ஆபத்து, கரையாமல் அடம்பிடித்தாலும் தொல்லை. இருபத்தெட்டாம் நாள், முதல் நாள் இருந்த பலத்தில் பாதியாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது எங்கள் இடத்துச் சட்டம்.

அந்தப் பாதி இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. வலையைப் பட்டை பட்டையாக வெட்டி, சின்னச் சின்னப் பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு, உடம்புச் சூட்டில் இருக்கிற ஒரு பெட்டியில் வைத்துவிடுவோம். அதற்கு ஏதோ பெரிய பெயர் உண்டு. கோழி அடைகாக்கிற மாதிரி இருப்பதால் எங்கள் வாயில் அது அடைப்பெட்டி. இருபத்தெட்டாம் நாள் பட்டையை எடுத்து, மெஷினின் இரண்டு தாடைக்கு நடுவில் மாட்டி, அறுகிறவரை இழுப்பேன். அறுகிற இடத்தில் ஒரு நம்பர் வரும். அதனால் அங்கே எனக்கு இழுவை என்று பெயர். மெஷினில் இழுப்பதால் வந்த பெயர் என்று நான் சொல்லிக்கொள்வேன். ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் சாப்பாட்டு மணி அடிக்கிறவரை இழுப்பதால் வந்த பெயர் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள். இரண்டிலும் உண்மை உண்டு.

இழுக்கிற மேசைக்கு வருவதற்கு முன்னால் ஆறு வருஷம் பின்னல் மெஷினில் இருந்தேன். தோள்பட்டை மக்கர் செய்ததால் மாற்றினார்கள். ஆனால் நான் அமைத்துவிட்டு வந்த பின்னல் அதற்கப்புறமும் ஒன்பது வருஷம் ஓடியது. எந்த நூல் எப்போது எந்தப் பக்கம் தாவ வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்வதற்கு ஒரு சங்கிலி உண்டு. கட்டை கட்டையாகக் கோத்து மாட்டுவது. அந்தக் கோர்வை என்னுடையது. பெட்டிமேல் அதற்கு வெறும் நம்பர்தான், ஆனால் காவல்காரர் வரைக்கும் 'இழுவை வலை' என்றுதான் சொல்வார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இரண்டு, மூன்றாவது அந்த வலை என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். நான் மறுத்ததில்லை.

என் வலைக்கு ஒரே ஒரு குறை. கத்தரிக்கோல் வைத்தால் ஓரம் பிரியும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை எங்கள் இடத்துக்கு ஒரு டாக்டரம்மா வருவார், வயிற்று ஆபரேஷன் செய்கிறவர். வலையை அளவுக்கு வெட்டும்போது ஊதாத் துணுக்குகள் உதிர்கின்றன, ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். நானும் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தேன். நல்ல கத்தரிக்கோலாக வாங்கச் சொல்லுங்கள்.

இப்போது சின்னவளுக்கு வருகிறேன். என் கொழுந்தன் பெண்டாட்டி. வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். ஒரே வீடு. கீழே நாங்களும் மாமியாரும், மாடியில் அவர்கள், சமையலறை மட்டும் பொது. அவளை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். நான் மேசைக்கு மாறி ஐந்து வருஷம் கழித்து என் பழைய மெஷினிலேயே அவளைப் போட்டார்கள். நாலு வருஷம் என் கோர்வையைத்தான் ஓட்டினாள். சும்மா சொல்லக்கூடாது, கை சுத்தம். தலையில் மாட்டுகிற அந்த வலைத்தொப்பி எங்களுக்கெல்லாம் சமையல் பாத்திரத்தைக் கவிழ்த்த மாதிரி இருக்கும், அவளுக்கு மட்டும் ஏதோ அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். அதுவே எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். ஆனால் அது சில்லறை.

பெரிசு என்னவென்றால், ஒரு நாள் டாக்டரம்மாவும் நானும் மேனேஜர் அறையில் இருந்தபோது சின்னவள் உள்ளே நுழைந்து, மேசைமேல் ஒரு கறுப்புத் துணியை விரித்தாள். கையில் கொண்டுவந்த ஒரு துண்டு வலையை முதலில் வட்டமாக வெட்டினாள், பிறகு அதையே முக்கோணமாக வெட்டினாள், பிறகு ஓரத்தை நகத்தால் பிறாண்டினாள். துணிமேல் உதறிக் காட்டினாள். ஓர் இழை விழவில்லை. மேனேஜர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கண்ணியையும் பக்கத்துக் கண்ணியோடு இரண்டு தடவை பூட்டியிருக்கிறாளாம். ஐந்து மாதமாகச் சாப்பாட்டு நேரத்தில் சங்கிலியைக் கழற்றிக் கழற்றிக் கோத்துப் பார்த்தாளாம். என்னோடு உட்கார்ந்து சாப்பிடாமல் எங்கே போகிறாள் என்று நான் யோசித்ததுண்டு. என்னிடம் ஒரு வார்த்தை விடவில்லை.

"இதைத்தானேம்மா நான் ஒம்பது வருஷமா கேட்டுட்டு இருக்கேன்" என்றார் டாக்டரம்மா.

ஒன்பது வருஷம் என்று சொன்னபோது அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆனாலும் அது நேராக வந்து என் தலையில்தான் விழுந்தது. ஓரகத்தி என்ற சொல்லை யார் உண்டாக்கினார்களோ, அன்றைக்கு என் காதில் அது ஓரக் கத்தி என்றே கேட்டது. என் வலையின் ஓரத்திலேயே வந்து சொருகினாள் பாருங்கள்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே பேச்சு. கொழுந்தன் மாமியாருக்கு விளக்குகிறான், மாமியார் புரிந்த மாதிரி தலையாட்டுகிறார். என் வீட்டுக்காரர், என் கழுத்தில் தாலி கட்டிய மனிதர், கழித்துப்போட்ட துண்டு ஒன்றை வாங்கிக் கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்து, 'பிரியவே மாட்டேங்குதே' என்று ரசிக்கிறார். அன்றைக்கு அவர் இரண்டாம் தடவை பரிமாறச் சொன்னது என் காதில் விழவில்லை.

புது வலையை உடனே ஏற்றுக்கொள்ள முடியாது. கண்ணியை இப்படி இறுக்கிப் பூட்டும்போது நூல் மடிகிற இடத்தில் நைந்துபோயிருக்கலாம். அதனால் அவள் வலையையும் என் வலையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து இருபத்தெட்டு நாள் ஊறப்போட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். அவளுடையது தேறினால் என் சங்கிலியைக் கழற்றிவிட்டு அவள் சங்கிலியை மாட்டுவார்கள். தேறாவிட்டால் என் வலையே தொடரும். யார் இழுப்பது? மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்களே இழுங்கக்கா. ரெண்டு பேரும் ஒரே வீடு. எந்தப் பிரச்சனையும் வராது."

அவருக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

அவள் வலைக்குப் பத்துப் பாட்டில், என் வலைக்குப் பத்துப் பாட்டில். கோன் என்கிற ஒரே நூல்கண்டிலிருந்து வந்த நூல், ஒரே தண்ணீர், ஒரே நாள். என் பாட்டில்களை அடைப்பெட்டியின் உள்பக்கம், சூடு அசையாமல் நிற்கிற இடத்தில் வைத்தேன். பிள்ளையைக் காற்றோட்டமான இடத்தில் படுக்க வைக்கிற மாதிரிதான். அவளுடையதை முன்வரிசையில், கதவை ஒட்டி வைத்தேன். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் பார்க்க வசதி, அவ்வளவுதான்.

அந்தக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'காரணம் இல்லாமல் திறக்காதீர்கள்.' கையெழுத்து என்னுடையது.

முதல் நாள் சாயங்காலமே திறந்தேன். ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஊதாப் பட்டை அடியில் சமர்த்தாகப் படுத்திருந்தது. ஓரத்தில் நூல் பிரிகிறதா, தண்ணீர் கலங்குகிறதா, துணுக்கு மிதக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் வந்த உடனே, பத்தரைக்கு, சாப்பாட்டுக்கு முன்னால், பின்னால், கிளம்புவதற்கு முன்னால் என்று வழக்கமாகிவிட்டது. பத்தையும் வெளியே எடுத்து எஃகு மேசையில் வரிசையாக நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகச் சுழற்றிச் சுழற்றிப் பார்ப்பேன். நூலுக்கு ஈரம் ஆகாது என்பதால் அந்த அறையில் ஏசி எப்போதும் உச்சத்தில் ஓடும். போன் வந்தால் பேசிவிட்டு வருவேன். சில நாள் சாப்பிட்டுவிட்டு வந்துதான் திரும்ப உள்ளே வைப்பேன். என் பாட்டில்களைத் தொடவே இல்லை. அவற்றின் மேல் எனக்கு நம்பிக்கை.

இன்னும் கரையவில்லையா, இன்னும் பிரியவில்லையா என்று இருபத்தெட்டு நாளும் அவள் பாட்டிலோடு நான் பேசிய பேச்சு என் வீட்டுக்காரரோடு ஒரு வருஷத்தில் பேசியிருக்க மாட்டேன். அவள் என்னவென்றால் வீட்டில் ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துத் தூங்கிவிடுவாள். அந்தத் தூக்கத்தைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது.

இருபத்தெட்டாம் நாள் வந்தது. முதலில் என் வலையை இழுத்தேன். பத்துப் பட்டைக்கும் சராசரி ஐம்பத்திரண்டு. நூற்றில் ஐம்பத்திரண்டு பங்கு பலம் மிச்சம், எப்போதும் வருகிற நம்பர். பிறகு அவளுடையது. முதல் பட்டை அறுபத்து மூன்று. தாடையைத் துடைத்துவிட்டு அடுத்ததை மாட்டினேன். அறுபத்தைந்து. பத்தும் முடிந்தபோது சராசரி அறுபத்து நான்கு.

மேனேஜர் தாளைப் பிடுங்கிக்கொண்டு பின்னல் அறைக்கு ஓடினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் அவளைச் சுற்றி நிற்பது தெரிந்தது. அவள் மட்டும் அவர்கள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் குனிந்து மேசையைத் துடைத்தேன். ஏற்கனவே இரண்டு தடவை துடைத்த மேசை.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா வந்தார். அறுபத்து நான்கைப் பார்த்தார். இதுவரைக்கும் அவர் எங்கள் வலையை இரண்டாக மடித்துத்தான் வைப்பாராம், நாலாவது வாரத்தில் ஒற்றை அடுக்கு தாங்காதே என்கிற பயத்தில்.

"இவ்வளவு நிக்குதுன்னா இனிமே மடிக்க வேண்டாம். ஒரு அடுக்கே போதும்" என்றார்.

அந்த 'ஒரு அடுக்கே போதும்' என் மண்டைக்குள் நமநமவென்று அரித்துக்கொண்டே இருந்தது. முதலில் பொறாமைதான் என்று நினைத்தேன். பொறாமைதான், சந்தேகம் இல்லை. ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. பஸ்ஸில் வரும்போது பிடிபட்டது. இரண்டு வலைக்கும் நூல் ஒரே கோனிலிருந்து வந்தது. பின்னல் மாறினால் ஓரம் மாறும், பட்டை மிருதுவாகும், முதல் நாள் பலம்கூடக் கொஞ்சம் மாறலாம். நூல் கரைகிற வேகம் எப்படி மாறும்? தண்ணீர் நூலைத் தின்பதற்குப் பின்னலைப் பார்த்தா தின்னும்? சூட்டைப் பார்த்துத்தான் தின்னும். சூடு குறைந்தால் மெதுவாகத் தின்னும்.

சூடு.

மறுநாள் கோப்பை எடுத்தேன். அடைப்பெட்டியின் தலையில் ஒரு வட்டத்தாள் சுற்றிக்கொண்டே இருக்கும். பேனா முள் ஒன்று உள்ளே இருக்கிற சூட்டை அதில் கோடாகப் போட்டுக்கொண்டே போகும். வாரத்துக்கு ஒரு தாள். திங்கட்கிழமை தோறும் நான்தான் மாற்றி, பார்க்காமலேயே கோப்பில் சொருகுவேன். நாலு தாளையும் மேசையில் பரப்பினேன். கோடு வட்டமாக ஓடவேண்டும். சீப்பு மாதிரி ஓடியிருந்தது. பகல் முழுக்கப் பல், பல், பல். நான் கதவைத் திறந்த ஒவ்வொரு தடவையும் ஒரு பல். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கோடு வழவழவென்று இருந்தது. அன்றைக்கு எனக்கு லீவு.

அவள் பாட்டில்களை நான்தான் குளிர வைத்திருக்கிறேன். குளிரில் நின்ற நேரமெல்லாம் அவள் நூல் கரையாமல் இளைப்பாறியிருக்கிறது. இருபத்தெட்டு நாள் என்று நான் எழுதினது அவள் வலைக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு நாள்தான். அது அறுந்து விழவேண்டும் என்று பார்த்துப் பார்த்தே அதை நிறுத்தி வைத்திருக்கிறேன். கிரீடத்தை நானே செய்து, நானே கொண்டுபோய் அவள் தலையில் வைத்திருக்கிறேன்.

சிரிப்பாக இருக்கிறதா? எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ முகம் தெரியாத ஒருத்தர் வயிற்றில் டாக்டரம்மா ஒற்றை அடுக்கு வைத்துத் தைக்கப்போகிறார், என் நம்பரை நம்பி. வாயைத் திறந்தால், 'பார், சின்னவள் ஜெயித்ததும் பெரியவளுக்குப் பொறுக்கவில்லை' என்பார்கள். திறக்காவிட்டால் அந்த வயிறு. இதில் இன்னொரு அசிங்கமும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொன்னால் அவள் அறுபத்து நான்கு சரிந்துவிடும் என்ற நினைப்பு எனக்கு உள்ளூர இனித்தது. நியாயத்துக்காகச் சொல்லப்போகிறேனா, வயிற்றெரிச்சலுக்காகச் சொல்லப்போகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். அது அபூர்வம்.

"நீ சொல்றது நூத்துக்கு நூறு நிஜமா இருந்தாலும் பொறாமைன்னுதான் பேசுவாங்க."

"அப்ப சொல்ல வேண்டாங்கறீங்களா?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? பொறாமைன்னு பேசினா பேசட்டும். இல்லாததையா பேசறாங்க?"

கட்டிக்கொண்ட மனிதர் ஆறுதல் சொல்கிற லட்சணம் இது.

மேனேஜரிடம் போவதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு பக்கம் கிளிப்பைக் கழற்றிக்கொண்டே, முன்வரிசையில் வைத்தது, வெளியே எடுத்தது, ஏசி, வட்டத்தாள் எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயருக்கு ஏற்ற மாதிரி இழுக்காமல், சுருக்கமாகத்தான் சொன்னேன். அவள் கையில் இருந்த துண்டை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள்.

"எத்தனை தடவக்கா திறந்தீங்க?"

"ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ இருக்கும்."

"இருபத்தெட்டு நாளுமா?"

"ஞாயித்துக்கிழம இல்ல."

துண்டு பதினாறாகிவிட்டது. அதற்கு மேல் மடியவில்லை.

"அப்படி என்னத்தத் தேடினீங்க அதுல?"

"கரையுதான்னு பாத்தேன்."

"கரையத்தானக்கா செஞ்சிருக்கோம்" என்றாள்.

அவ்வளவுதான். அவள் வீட்டுத் துணிகளை மட்டும் அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எங்கள் துணிகள் கொடியிலேயே தொங்கின. இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் செய்தது கிடையாது. யார் முதலில் மாடிக்குப் போனாலும் எல்லாருடையதையும் எடுத்து வருவதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

மறுநாள் மேனேஜர் முன்னால் நாலு வட்டத்தாளையும் வைத்தேன். சின்னவளும் வந்து நின்றாள். முதலில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு நம்பிக்கை வந்து முகம் கறுத்துவிட்டது. டாக்டரம்மாவுக்கு உடனே போன் போட்டு, ஒற்றை அடுக்கு வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, திரும்பவும் இருபத்தெட்டு நாள் வைக்க வேண்டும், இந்தத் தடவை இழுப்பதற்கு வெளியிலிருந்து ஆள் வரவழைக்கிறேன் என்றார். ஒன்பது வருஷம் நான் போட்ட நம்பர் அத்தனைக்கும் அந்த ஒரு வார்த்தையில் மதிப்புப் போய்விட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் சின்னவள் வாயைத் திறந்தாள்.

"வெளியாளு வேண்டாம் சார். அவங்களே இழுக்கட்டும். என் மேல அவங்களுக்கு இருக்கற வயித்தெரிச்சலுக்கு, அவங்க கையால என் வலை தேறிச்சுன்னா அப்புறம் ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க. வேற யார் இழுத்தாலும் எனக்காகக் கூட்டிப் போட்டாங்கன்னு ஒரு பேச்சு வரும். ஆனா பெட்டிச் சாவி என்கிட்ட இருக்கட்டும்."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, கன்னத்தில் விட்ட அறை என்று எடுத்துக்கொள்வதா? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

இந்தத் தடவை இருபது பாட்டிலையும் மேனேஜரே கலந்து வைத்தார். முன்வரிசையில் என்னுடையதும் உண்டு, பின்வரிசையில் அவளுடையதும் உண்டு. சாவி ஒரு ஊதா நூலில் கோத்து அவள் கழுத்தில் தொங்கியது. வீட்டிலும் கழற்றமாட்டாள். அந்த நூலும் ஒரு நாள் வேர்வையில் கரைந்து அறுந்துபோயிற்று. எங்கள் இடத்து ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் அந்த மாதிரி முட்டாள்தனம் வராது. சாவி குளியலறையில் கிடந்தது, நான் எடுத்துக் கொண்டுபோய் ஒன்றும் பேசாமல் நீட்டினேன். அவளும் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டாள். அப்புறம் சாதா கயிற்றுக்கு மாறினாள்.

பேச்சு இல்லைதான், ஆனால் ஒரே சமையலறை. 'அத்தை, உப்பு டப்பா எங்கன்னு உங்க பெரிய மருமகள கேளுங்க' என்பாள். ஒரு அடி தள்ளி நிற்கிற நான் மாமியாரிடம் பதில் சொல்வேன். மூன்று நாள் பொறுத்த மாமியார் நாலாம் நாள், 'நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?' என்று கேட்டுவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம் உப்பு எங்கே இருக்கிறது என்பதை அவரவரே தேடிக்கொண்டோம்.

இருபத்தெட்டாம் நாள் மறுபடியும் வந்தது. பாட்டில்மேல் வெறும் நம்பர்தான். எது யாருடையது என்கிற பட்டியல் மேனேஜர் கையில். நம்பரை மறைத்தால் பின்னலை மறைக்க முடியுமா? பட்டையை எடுத்த உடனே எனக்குத் தெரிந்துவிடும். மேனேஜர் ஒரு பக்கம், சின்னவள் என் முதுகுக்குப் பின்னால்.

நாலாவது பட்டை அவளுடையது. மாட்டினேன். தாடையை இறுக்குகிற திருகில் கை வைத்தபோது ஒரு நினைப்பு வந்தது. அந்தத் திருகை முக்கால் சுற்று கூடுதலாக இறுக்கினால் போதும். வலை தாடை ஓரத்திலேயே நசுங்கி அறுந்துவிடும், நம்பர் நாற்பதுக்குக் கீழே போய்விடும். பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மேனேஜருக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஒன்பது வருஷம் திருகிய என் விரலுக்கு மட்டும்தான் தெரியும். நாலாவது பட்டையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, மேனேஜர் தொண்டையைக் கனைத்தார்.

நான் கையை எடுத்துவிட்டேன்.

"இங்க வா. இந்தத் திருக நீ இறுக்கு" என்றேன்.

சின்னவள் தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். திருகினாள். இருபத்தெட்டு நாளுக்கப்புறம் என்னோடு நேராகப் பேசினாள்.

"இவ்வளவு போதுமா?"

"அர சுத்து விடு. உன் வலை நசுங்கிடும்."

விட்டாள். மீதிப் பட்டைகள் எல்லாவற்றுக்கும், அவளுடையதோ என்னுடையதோ, அவளே திருகை இறுக்கினாள், நான் இழுத்தேன். ஏன் கூப்பிட்டேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலேயே புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் கடைசிப் பட்டை முடிந்ததும் என் விரல்களையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் பட்டியலை வைத்துக் கூட்டினார். என் வலை ஐம்பத்திரண்டு. அவள் வலை ஐம்பத்து மூன்று.

ஒரே ஒரு புள்ளி. ஒரே நூல் என்றால் அப்படித்தான் வரும், நான் சொன்னேனே. இரண்டும் பாதிக்கு மேல், இரண்டும் தேறிவிட்டன. பலத்தில் வித்தியாசம் இல்லை என்றால் பிறகு எதைப் பார்ப்பார்கள்? ஓரத்தைத்தான் பார்ப்பார்கள். ஓரத்தில் நான் ஒன்பது வருஷத்துக்கு முன்னாலேயே தோற்றுப்போனவள். டாக்டரம்மா புது வலையை எடுத்துக்கொண்டார், பழையபடி இரண்டாக மடித்தே வைப்பதாகச் சொன்னார். மறு வாரம் மெஷினை நிறுத்தி என் சங்கிலியைக் கழற்றினார்கள். அந்த நேரத்தில் அடுத்த அறையில் எனக்கு ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டேன். கட்டைகள் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுகிற சத்தம் சுவரைத் தாண்டி வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் நான் மாடிக்குப் போவதற்குள் எங்கள் துணிகள் கீழே வந்திருந்தன. மடித்து, கட்டில்மேல் அடுக்கி வைத்திருந்தாள். என் புடவையை நான் மடிப்பதைவிட நன்றாக மடித்திருந்தாள். அது ஒரு எரிச்சல்.

புது வலையின் முதல் பெட்டி கிளம்பியபோது கூடவே போகிற சீட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும். பின்னியவர் ஒரு கட்டம், இழுத்தவர் ஒரு கட்டம். அவள் முதலில் போட்டாள். பெரிய கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் நீண்டு என் கட்டத்துக்குள் கால்வாசி வந்துவிட்டது. மிச்சம் இருந்த இடத்தில் நான் நெருக்கியடித்துக்கொண்டு போட்டேன். அதற்கப்புறம் நான் வேலையை விட்டு வருகிறவரைக்கும் எத்தனையோ சீட்டு. ஒரு தடவையாவது அந்த வாலைச் சுருக்கிக்கொண்டாளா? இல்லை. நானும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன். எங்கள் நூல் எழுபது நாளில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். எனக்கு இந்த உறுத்தல் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு ஓரகத்தியோ, நாத்தனாரோ, பக்கத்து மேசைக்காரரோ இருக்கத்தான் செய்வார். அவர் விழுந்தால் தேவலை என்று நீங்கள் செய்த ஏதோ ஒன்று அவரையே தூக்கி நிறுத்திவிட்ட கதை உங்களிடமும் இருக்கும். மறைக்காமல் எழுதி அனுப்புங்கள். கதவை எத்தனை தடவை திறந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் என் கணக்கைச் சொல்லிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக.